கார் உங்களைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கு, அதை எப்படி நிறுத்துறது

போன மாசம் தம்பி புது கார் டெலிவரி எடுக்கப் போனான், நானும் கூடப் போயிருந்தேன். சாவி குடுத்து போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சதும் ஷோரூம் பையன் ரொம்ப மரியாதையா "சார், போனை ஒரு நிமிஷம் குடுங்க, ஆப் போட்டுக் குடுத்துடுறேன்"னு வாங்கினான். ஓடிபி வந்துச்சு, அவனே பார்த்து அவனே அடிச்சான், அப்புறம் கார் ஸ்கிரீன்ல ஒரு பக்கம் வந்துச்சு, அஞ்சு கட்டம், அஞ்சுலயும் டிக், அடியில "ஏற்கிறேன்". எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகல. நான் எட்டிப் பார்த்து "தம்பி, அந்த நாலாவது என்னது?"ன்னு கேட்டேன். "அது சும்மா சார், எல்லாருக்கும் போடுறதுதான்"ன்னான். அந்த நாலாவதுல எழுதியிருந்தது, வண்டி ஓட்டுற விதம் பத்தின தகவலை "வணிகப் பங்குதாரர்களோட" பகிர்ந்துக்க சம்மதம்னு. காசு குடுத்தது என் தம்பி, சம்மதம் குடுத்தது ஷோரூம் பையனோட கட்டைவிரல்.

அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் காருக்குள்ள உக்காந்து மெனு மெனுவா நோண்டினோம், அடுத்த ரெண்டு வாரம் நான் இதையே படிச்சுக்கிட்டிருந்தேன், அதுல தேறினதைத்தான் இங்க எழுதுறேன். ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன், கார் டேட்டா எடுக்குறதை முழுசா நிறுத்த முடியாது. ஆனா எடுத்த டேட்டா வண்டிய விட்டு வெளிய போறதுக்கு அஞ்சாறு வழிதான் இருக்கு, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி தாழ்ப்பாள், ஒண்ணைப் போட்டுட்டு எல்லாத்தையும் போட்டாச்சுன்னு நினைச்சு நிம்மதியா தூங்கிடுறதுதான் நம்மள்ல நிறைய பேர் பண்ற தப்பு.

உங்க வண்டி வெளிய பேசுதா, முதல்ல அதைப் பாருங்க

புது வண்டிங்கள்ல உள்ள எங்கயோ மறைவா சின்னதா ஒரு டப்பா இருக்கும், டெலிமேட்டிக்ஸ் யூனிட்னு பேரு. அதுக்குள்ள ஒரு சிம், பெரும்பாலும் இ-சிம், நம்ம போன்ல கழட்டுற மாதிரி கழட்ட முடியாது. இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவு, சீட் பெல்ட்னு வண்டியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு, அதெல்லாம் கேன் பஸ்ங்கிற ஒயர் வழியா ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். இந்த டப்பா அதையெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்து, கம்பெனி கேக்குறதை மட்டும் பொறுக்கி, கூடவே ஜிபிஎஸ் சொல்ற இடத்தையும் சேர்த்து சர்வருக்கு அனுப்பும். நீங்க சீட் பெல்ட் போட்டீங்களா, எத்தனை மணிக்கு கிளம்பினீங்க, எந்த வளைவுல எவ்ளோ வேகம், எத்தனை தடவை பிரேக்கை அழுத்தி மிதிச்சீங்க, இதெல்லாம் அதுக்குத் தெரியும்.

உங்க வண்டியில இது இருக்கான்னு கண்டுபிடிக்க மெக்கானிக்கெல்லாம் வேணாம். வீட்டுக்குள்ள இருந்தே போன்ல காரை லாக் பண்ண முடியுதா, இருக்கு. கூரையில எஸ்ஓஎஸ்னு அவசர உதவிக்கு அழுத்துற பட்டன் இருக்கா, இருக்கு. வைஃபை குடுக்காமலே சாஃப்ட்வேர் அப்டேட் வந்து நிக்குதா, கண்டிப்பா இருக்கு. மேல சுறா துடுப்பு மாதிரி ஆண்டெனா இருக்குறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, அது வெறும் ரேடியோவுக்காகவும் இருக்கலாம். இன்னொண்ணு, ஓசியா குடுத்த கனெக்டட் சர்வீஸ் சந்தா முடிஞ்சுடுச்சு அதனால பிரச்சனை இல்லன்னு சில பேர் நினைக்கிறாங்க, சந்தா முடிஞ்சா உங்களுக்கு வர்ற சேவைதான் நிக்கும், சிம் செத்துடுச்சுன்னு அர்த்தம் கிடையாது.

இதுல எதுவுமே இல்லாத பழைய வண்டின்னா நீங்க குடுத்து வெச்சவங்க, நேரா கீழ ப்ளூடூத் பத்தி எழுதியிருக்குற இடத்துக்குப் போயிடுங்க.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான், எனக்கென்ன"ன்னு கேக்குறவங்களுக்கு

நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், ஷெவர்லே கார் செய்ற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கதையைப் படிக்கிற வரைக்கும். 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ்ல கஷ்மீர் ஹில்னு ஒரு நிருபர் எழுதினாங்க. அமெரிக்காவுல ஷெவர்லே போல்ட் வெச்சிருந்த ஒருத்தருக்கு இன்சூரன்ஸ் திடீர்னு 21 சதவீதம் ஏறிடுச்சு, அவர் ஆக்சிடென்டே பண்ணினது இல்ல. ஏன்னு கேட்டா லெக்ஸிஸ்நெக்ஸிஸ்னு, ஆளுங்களைப் பத்தி டேட்டா சேர்த்து இன்சூரன்ஸுக்குக் குடுக்குற கம்பெனியோட ரிப்போர்ட் ஒரு காரணம்னாங்க. அவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தா 258 பக்கம். ஆறு மாசத்துல அவரும் அவர் மனைவியும் போன 640 ட்ரிப், ஒவ்வொண்ணும் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சுச்சு, எவ்ளோ தூரம், எத்தனை சடன் பிரேக், எங்க போனாங்கங்கிறது மட்டும்தான் அதுல இல்ல. ஜிஎம்மோட ஸ்மார்ட் டிரைவர்னு ஒரு வசதி வழியாத்தான் எல்லாம் போயிருக்கு, அதுல சேர்ந்ததே தெரியாம சேர்ந்தவங்க நிறைய பேர், ஷோரூம்லயே சேர்த்துவிட்ட கதையும் அதுல உண்டு. நம்ம பையனோட நாலாவது டிக் ஞாபகம் வருதா?

செய்தி வந்த அந்த மாசமே ஜிஎம் அந்த டேட்டாவைக் குடுக்குறதை நிறுத்துச்சு. 2025 ஜனவரியில வாடிக்கையாளருங்க நலனைப் பார்க்குற அமெரிக்க அரசோட எஃப்டிசி அமைப்பு நடவடிக்கை எடுத்தப்ப சொன்னது, சில சமயம் மூணு செகண்டுக்கு ஒரு தடவை வரைக்கும் இடத்தைக் குறிச்சிருக்காங்கன்னு, அஞ்சு வருஷத்துக்கு இந்த மாதிரி ரிப்போர்ட் கம்பெனிங்களுக்கு டேட்டா குடுக்கக் கூடாதுன்னு தடையும் கேட்டாங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா விலையிலதான். 2024 ஜூலையில ரான் வைடன், எட்வர்ட் மார்க்கின்னு ரெண்டு செனட்டருங்க ஒரு லெட்டர் எழுதினாங்க, அதுல இருக்குற கணக்குப்படி ஹோண்டா 97,000 கார் டேட்டாவை வெரிஸ்க்னு இன்னொரு டேட்டா கம்பெனிக்குக் குடுத்து வாங்கினது 25,920 டாலர், ஒரு காருக்கு 26 சென்ட். ஹூண்டாய் 17 லட்சம் காருக்கு, தலைக்கு 61 சென்ட். உங்க பிரீமியம் ஏர்றது நூத்துக்கணக்குல, அவனுக்குக் கிடைச்சது ஒரு டாலர்கூட இல்ல.

விக்கவே இல்லன்னாலும் கசியும். 2024 டிசம்பர்ல ஜெர்மனியில கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்ங்கிற ஹேக்கருங்க சங்கமும் டெர் ஷ்பீகல் பத்திரிகையும் வெளிய கொண்டு வந்தது, ஃபோக்ஸ்வாகன் குரூப்போட சுமார் 8 லட்சம் எலக்ட்ரிக் கார் டேட்டா கிளவுட்ல சரியா பூட்டாம கிடந்திருக்கு, அதுல 4.6 லட்சம் வண்டிங்க எங்க நின்னுச்சுங்கிறது துல்லியமா இருந்திருக்கு. டொயோட்டா 2023-ல ஒத்துக்கிட்டது இன்னும் மோசம், ஜப்பான்ல 21.5 லட்சம் பேரோட டேட்டா 2013-ல இருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் திறந்தபடி கிடந்திருக்கு. அதனாலதான் சொல்றேன், கம்பெனி நல்லவனா கெட்டவனாங்கிற ஆராய்ச்சியே வேணாம், அவன்கிட்ட போகாத டேட்டா கசியாது. மொஸில்லா ஃபவுண்டேஷன் 2023-ல 25 கார் பிராண்டோட பிரைவசி பாலிசிய உக்காந்து படிச்சு மார்க் போட்டாங்க, 25-ம் ஃபெயில். அதனால "அடுத்த தடவை நல்ல கம்பெனியா பார்த்து வாங்கிக்கலாம்"ங்கிற ஐடியாவும் பெருசா வேலைக்கு ஆகாது.

காரோட சொந்த சிம், இதுதான் பெரிய கதவு

வண்டிய ஓரமா நிறுத்திட்டு அரை மணி நேரம் ஒதுக்குங்க. செட்டிங்ஸ் உள்ள போய் கனெக்டட் சர்வீசஸ், டேட்டா ஷேரிங், பிரைவசி, டிரைவர் ஸ்கோர் இந்த மாதிரி பேர்ல என்ன இருந்தாலும் திறந்து பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், சில வண்டியில "சிஸ்டம்" உள்ள போய் "பற்றி"ங்கிறதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பான். உள்ள இருக்குறது பொதுவா நாலு வகை: அவசர உதவி, ரிமோட் வசதி, "சேவையை மேம்படுத்த" எடுக்குற டேட்டா, அப்புறம் வெளியாளுக்குக் குடுக்குறது. டிரைவிங் ஸ்கோர், ஓட்டுற பழக்கம், இன்சூரன்ஸ் சலுகை, பாதுகாப்பு பாயிண்ட்ஸ், இப்படி உங்களுக்கு மார்க் போட்டுப் பாராட்டுற மாதிரி எது இருந்தாலும் அதை முதல்ல அணைங்க. மார்க்கு போடணும்னா ஒவ்வொரு பிரேக்கையும் எண்ணியாகணும், எண்ணினது எங்கயாவது போய் உக்காந்தாகணும், அவ்ளோதான் கணக்கு.

முக்கியமான விஷயம், இதே சுவிட்ச் மூணு இடத்துல இருக்கலாம். கார் ஸ்கிரீன்ல ஒண்ணு, போன் ஆப்ல ஒண்ணு, கம்பெனி வெப்சைட்ல உங்க அக்கவுண்ட்டுக்குள்ள ஒண்ணு. தம்பி கார்ல ஸ்கிரீன்ல எல்லாத்தையும் அணைச்சுட்டோம், ஆப்ல போய் பார்த்தா "வாகனப் பயன்பாட்டுத் தகவல்" ஜம்முனு ஆன்ல இருக்கு, வெப்சைட்ல "மார்க்கெட்டிங் பங்குதாரர்கள்"னு ஒண்ணு தனியா. மூணுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க, தேதியோட, பின்னாடி சண்டை போடணும்னா வேணும்.

ஸ்கிரீன்ல சில நேரம் ஒரு மிரட்டல் வரும், "இதை அணைத்தால் முக்கியமான சேவைகள் இயங்காது"ன்னு. பொறுமையா படிங்க, எந்த சேவைன்னு பாருங்க. மொத்தமா கனெக்டட் சர்வீஸையே வெட்டினா நிஜமாவே சிலது போகும், ஆக்சிடென்ட் ஆனா தானா போற அவசர அழைப்பு, வண்டி திருடு போனா கண்டுபிடிக்கிறது, லைவ் டிராஃபிக், காத்துல வர்ற அப்டேட். என் அபிப்பிராயம், எஸ்ஓஎஸ்ஸை விட்டுடுங்க, அணைக்காதீங்க. ஐரோப்பாவுல 2018 மார்ச் 31-க்கு அப்புறம் வந்த புது மாடல் கார்ங்கள்ல கட்டாயமாக்கின இ-கால் மாதிரி சிஸ்டம், அடிபடுற வரைக்கும் தூங்கிக்கிட்டு, அடிபட்டா மட்டும் முழிச்சு 112-க்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்ற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அது உயிரைக் காப்பாத்துற விஷயம், ஸ்கோர் அப்படி இல்ல. ரெண்டையும் ஒரே பொட்டலத்துல கட்டிக் குடுக்குறதுதான் அவங்க சாமர்த்தியம்.

ஃபியூஸைப் பிடுங்கிடலாமான்னு கேப்பீங்க. பண்றாங்க, வேலையும் செய்யும், ஆனா சில வண்டியில அதே ஃபியூஸ்ல மைக்கும் சேர்ந்து இருக்கும், பிடுங்கினதும் ப்ளூடூத்ல நீங்க பேசுறது எதிராளிக்குக் கேக்காது, எஸ்ஓஎஸ் போயிடும், டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வாரண்டில வேற நிக்கவெச்சு கேள்வி கேப்பான். புது வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். சர்வீஸ் சென்டருக்கு எழுத்து மூலமா "டெலிமேட்டிக்ஸை டீஆக்டிவேட் பண்ணுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, சில கம்பெனி எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்தி ஆள்கிட்ட சொன்னாலே அணைச்சு விடுவாங்க.

பாக்கெட்ல இருக்குற கதவு

காரைப் பூட்டிட்டு போனை மறந்துடுறோம். கார் கம்பெனி ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி "எப்போதும்"னு இருந்தா "ஆப் பயன்படுத்தும்போது மட்டும்"னு மாத்துங்க. மோஷன் இல்லேன்னா உடல் செயல்பாடு அனுமதி கேட்டா குடுக்காதீங்க, போனோட சென்சாரை வெச்சே நீங்க எப்படி பிரேக் போடுறீங்கன்னு கண்டுபிடிச்சிடலாம், கார்ல சிம்மே தேவையில்ல. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரியில ஆல்ஸ்டேட் இன்சூரன்ஸ் மேலயும் அவங்களோட அரிட்டி கம்பெனி மேலயும் போட்ட கேஸ்ல சொல்ற குற்றச்சாட்டே இதுதான், லைஃப்360, கேஸ்படி மாதிரி ஆப்புக்குள்ள இவங்க தங்களோட சாஃப்ட்வேர் கோடு ஒண்ணை வெச்சு ஜனங்க வண்டி ஓட்டுறதை எடுத்துக்கிட்டாங்கன்னு. ஒண்ணு குடும்பத்துல யார் எங்க இருக்காங்கன்னு பார்க்குற ஆப், இன்னொண்ணு பெட்ரோல் எங்க மலிவுன்னு சொல்ற ஆப், இதுக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு யார் யோசிப்பா. போன் செட்டிங்ஸ்ல லொக்கேஷன் "எப்போதும்"னு இருக்குற ஆப் லிஸ்ட்டை மட்டும் ஒரு தடவை பாருங்க, எனக்கு பதினோரு ஆப் இருந்துச்சு, அதுல ஒண்ணு டார்ச்.

ப்ளூடூத், யூஎஸ்பி

பழைய வண்டிக்கும் இது பொருந்தும். ப்ளூடூத் கனெக்ட் பண்ணும்போது "கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி அனுமதிக்கவா"ன்னு போன் கேக்கும், நம்ம பழக்கத்துல சரின்னு தட்டிடுவோம். சரின்னா அந்த ஃபோன்புக் மொத்தமும் கார் மெமரில போய் உக்காந்துக்கும், போனைக் கழட்டினாலும் அங்கயே இருக்கும். பாட்டு கேக்கவும் கால் பேசவும் அது தேவையே இல்ல, வேணாம்னு சொல்லிடுங்க, வண்டியில இருந்து பேர் சொல்லி டயல் பண்றது மட்டும் போகும். ஏற்கெனவே குடுத்துட்டீங்கன்னா கார்ல உங்க போன் பேரை டெலிட் பண்ணுங்க, போன்லயும் அந்த காரை "மறந்துவிடு" குடுங்க, ரெண்டு பக்கமும்.

வாடகைக் கார்ல இது இன்னும் அவசியம். சார்ஜ் போடணும்னா யூஎஸ்பி போர்ட்ல சொருகாம, சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல அடாப்டர் போட்டுக்கங்க. ஒரு தடவை வாடகை வண்டியில ஏறி ப்ளூடூத் லிஸ்ட்டைத் திறந்தா பதினாலு பேர் போன், முழுப் பேரோட, ஒருத்தர் வீட்டு அட்ரஸே நேவிகேஷன்ல "வீடு"ன்னு இருந்துச்சு. அழிச்சு விட்டுட்டு வந்தேன், யாரோ எவரோ.

போன் ஆப்பை கார் ஸ்கிரீன்ல காட்டுற ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே பத்தி ஒரு வரி: மேப்பும் மெசேஜும் போன்லயே ஓடுறதால காரோட சொந்த நேவிகேஷனைவிட பரவால்ல, ஆனா வண்டி எங்க எவ்ளோ வேகத்துல போகுதுன்னு வண்டிக்கே தெரியும், அதை இது தடுக்காது.

ஓபிடி டாங்கிள்

ஸ்டீயரிங்குக்குக் கீழ ஓபிடின்னு ஒரு சாக்கெட் இருக்கும், மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற இடம். "இதை மாட்டிக்கங்க, பிரீமியம் குறையும்"னு இன்சூரன்ஸ்ல குடுக்குற டாங்கிள்ங்கிற குட்டிக் கருவியும் அங்கதான் உக்காரும். மாட்டணுமா வேணாமாங்கிறது உங்க இஷ்டம், கம்மி ஓட்டுறவங்களுக்கு நிஜமாவே லாபம் வரலாம், ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வியை மெயில்ல கேட்டு பதில் வாங்குங்க: பிரீமியம் ஏறவும் வாய்ப்பு இருக்கா, இடத்தையும் எடுக்குறீங்களா, பாலிசியை விட்டா டேட்டாவை அழிப்பீங்களா. பதில் மழுப்பலா வந்தா அதுவே பதில். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா குனிஞ்சு அந்த சாக்கெட்டைப் பாருங்க, முந்தின ஓனரோ லோன் குடுத்தவனோ மாட்டின எதாவது அங்கயே இருக்கலாம்.

கேமரா, மைக், கறுப்புப் பெட்டி

தூக்கம் வருதான்னு கண்ணைப் பார்க்குற கேமராவும், வண்டிக்குள்ள மொத்தமா பார்க்குற கேபின் கேமராவும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. முதல் வகை பெரும்பாலும் படத்தை வண்டிக்குள்ளயே பார்த்து அங்கயே முடிச்சுக்கும், அது மேல ஸ்டிக்கர் ஒட்டினா டிரைவர் அசிஸ்ட் வேலை செய்யாது. ரெண்டாவது வகைக்குத்தான் "படங்களை நிறுவனத்துக்கு அனுப்பவா"ன்னு தனி சுவிட்ச் இருக்கும், அணைங்க. 2023 ஏப்ரல்ல ராய்ட்டர்ஸ் போட்ட செய்தியில டெஸ்லா ஊழியர்கள் 2019-ல இருந்து 2022 வரை வாடிக்கையாளர் கார் கேமராவுல பதிவான வீடியோவை ஆஃபீஸ் சாட்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச் சிரிச்ச கதை இருக்கு, ஒருத்தர் துணியில்லாம கார்கிட்ட நடந்து வந்தது உட்பட. வாய்ஸ் அசிஸ்டென்ட்டுக்கும் இதே மாதிரி "பதிவுகளைச் சேமி"ன்னு ஒண்ணு இருக்கும், அதையும்.

ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற ஈடிஆர், அதாவது காரோட கறுப்புப் பெட்டி, வேற சமாச்சாரம். மோதல் நடந்தா அதுக்கு முன்னாடி சில செகண்ட் வேகம், பிரேக், சீட் பெல்ட் இதை மட்டும் பதிஞ்சு வெச்சுக்கும், தானா எங்கயும் அனுப்பாது, யாராவது கருவி மாட்டித்தான் எடுக்கணும். அமெரிக்காவுல அஞ்சு செகண்டுன்னு இருந்த விதியை 20 செகண்ட்னு 2024 டிசம்பர்ல நீட்டியிருக்காங்க, அந்த டேட்டா வண்டி ஓனருக்குத்தான் சொந்தம்னு 2015-லயே சட்டமும் இருக்கு. இதை அணைக்க முடியாது, தேவையும் இல்ல. ஆக்சிடென்ட் ஆனா மட்டும், உங்க எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம யாரும் எடுக்கக் கூடாதுன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்லி வைங்க.

ஏற்கெனவே போனதைக் கேட்டு வாங்குங்க

இனிமே போறதை நிறுத்தியாச்சு, போனது? கேக்கலாம். ஐரோப்பாவுல ஜிடிபிஆர் சட்டப்படி ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும், கலிஃபோர்னியாவுல 45 நாள். இந்தியாவுல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல நிறைவேறுச்சு, விதிமுறைங்க 2025 நவம்பர்ல வந்து கட்டம் கட்டமா நடைமுறைக்கு வருது. சட்டம் இல்லாத ஊர்னாலும் கேளுங்க, உலகம் பூரா விக்கிற கம்பெனி எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான் வெச்சிருப்பான் பல நேரம். பிரைவசி பாலிசியோட கடைசியில ஒரு மெயில் ஐடி இருக்கும். சுத்தி வளைக்காம இப்படி எழுதுங்க:

"என் வாகனத்தின் சேசிஸ் எண் இது. இந்த வாகனம் மற்றும் என் கணக்கு தொடர்பாக நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவல்களின் நகலையும், இருப்பிடம் மற்றும் ஓட்டும் விதம் உட்பட, அனுப்பவும். அவற்றை எந்தெந்த நிறுவனங்களுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைப் பெயருடன் தெரிவிக்கவும். இனி யாருக்கும் விற்கவோ பகிரவோ வேண்டாம். சேவைக்குத் தேவையில்லாதவற்றை அழிக்கவும்."

"பெயருடன்"ங்கிறது முக்கியம், இல்லேன்னா "நம்பகமான பங்குதாரர்கள்"னு ஒரு வரியில முடிச்சுடுவான். ஆதார் மாதிரி அடையாள அட்டை நகல், செல்ஃபி எல்லாம் கேட்டா உடனே குடுத்துடாதீங்க, எதுக்குன்னு திருப்பிக் கேளுங்க, வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்ளோ அடையாளம். 2025 மார்ச்ல கலிஃபோர்னியா பிரைவசி அமைப்பு ஹோண்டாவுக்கு 6,32,500 டாலர் அபராதம் போட்டதுல ஒரு காரணமே இதுதான், டேட்டா விக்காதேன்னு சொல்ல வந்தவங்ககிட்ட தேவைக்கு மேல விவரம் கேட்டது. அமெரிக்காவுல இருக்குறவங்க லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் ரெண்டு பேர்கிட்டயும் அவங்கவங்க ரிப்போர்ட்டை நேரடியாவே இலவசமா கேட்டு வாங்கலாம், கார் கம்பெனி சொல்லாததை அது சொல்லும்.

விக்கும்போதும் வாங்கும்போதும்

இதுலதான் நிறைய பேர் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாங்க. வண்டியைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்புறம் ஆப்பை டெலிட் பண்ணுவாங்க. ஆப்பை டெலிட் பண்றது வேற, அக்கவுண்ட்ல இருந்து வண்டியை எடுக்குறது வேற. ஃபேக்டரி ரீசெட் கார் மெமரியை அழிக்கும், ஆனா சர்வர்ல வண்டி இன்னும் உங்க பேர்லயே இருக்கலாம். ஐபிஎம்ல இருந்த சார்லஸ் ஹெண்டர்சன்னு ஒரு செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் 2017-ல இதைத்தான் சொன்னார், வித்து வருஷக்கணக்கான தன்னோட பழைய கார் இன்னும் தன் போன் ஆப்ல இருந்துச்சு, எங்க நிக்குதுன்னு பார்க்க முடிஞ்சுது, கதவைத் திறக்க முடிஞ்சுதுன்னு. செக்யூரிட்டி ஆளுக்கே அந்த நிலைமை.

அதனால வரிசை இதுதான். முதல்ல டேட்டா நகல் வேணும்னா வாங்கிக்கங்க. அப்புறம் ஆப்லயோ வெப்சைட்லயோ அக்கவுண்ட்டுக்குள்ள போய் வண்டியை நீக்குங்க, "நீக்கப்பட்டது"ன்னு மெயில் வரணும். அதுக்கப்புறம் கார்ல ஃபேக்டரி ரீசெட், முடிஞ்சதும் நேவிகேஷனைத் திறந்து "வீடு" இன்னும் இருக்கான்னு கண்ணால பாருங்க. கேட் திறக்கிற பட்டன் புரோகிராம் பண்ணியிருந்தா அதையும் அழிங்க, டேஷ்கேம் மெமரி கார்டை உருவிக்கங்க. இது அத்தனையும் சாவியைக் குடுக்கிறதுக்கு முன்னாடி, வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டே.

வாங்குறவங்களுக்கு இதே தலைகீழா. நான் இப்ப ஓட்டுறது செகண்ட் ஹேண்ட்தான், எடுத்த மூணாவது நாள் ராத்திரி வண்டி தானா லாக் ஆகி அன்லாக் ஆச்சு. பேய்னு நினைக்கல, ஆனா தூக்கம் வரல. பழைய ஓனருக்கு போன் அடிச்சா, "ஐயோ மன்னிச்சுக்கங்க, பையன் போன்ல ஆப் இருக்கு, தெரியாம தட்டிட்டான்"ங்குறார். நல்ல மனுஷன், அப்பவே நீக்கிட்டார். ஆனா அந்த மூணு நாளும் என் வண்டி எங்க நின்னுச்சுன்னு அந்தப் பையன் போன்ல தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. சர்வீஸ் சென்டர்ல சொல்லி ஓனர்ஷிப்பை உங்க பேருக்கு மாத்துங்க, நீங்க ஆப்பே பயன்படுத்தப் போறதில்லைன்னாலும் மாத்துங்க, ஏன்னா காலியா விட்டா பழைய ஆள் அங்கயே இருப்பார்.

குடும்பத்துக்குள்ளயும் இது உண்டு, கொஞ்சம் கசப்பான விஷயம். மெயின் அக்கவுண்ட் யார் கையில இருக்கோ அவருக்கு வண்டி எங்க நிக்குதுன்னு எப்பவும் தெரியும், ஓட்டுறவங்களுக்கு அது தெரியாமலே. பிரிஞ்சு வந்தவங்க, வீட்டுல மிரட்டல் இருக்குறவங்க, சட்டுனு ஆப்பைத் துண்டிச்சா எதிராளிக்கு அது தெரிஞ்சுபோய் ஆபத்து கூடலாம், முதல்ல பாதுகாப்பான ஆள்கிட்டயோ உதவி மையத்துலயோ பேசிட்டு, வேற போன்ல இருந்து கம்பெனியைக் கூப்பிட்டு அக்கவுண்ட்டை மாத்துங்க. அதுவரைக்கும் தங்குற இடத்துக்கு அந்த வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க.

தம்பி கதைக்கு வர்றேன். அந்த மெயிலைப் போட்டு பத்தொன்பதாவது நாள் ஒரு ஜிப் ஃபைல் வந்துச்சு, உள்ள எக்செல் ஷீட், வண்டி வாங்கி நாங்க மெனுவை நோண்டின ராத்திரி வரைக்கும் வெறும் ஒன்பது மணி நேரம்தான், அதுக்கே இருநூத்துச் சொச்சம் வரி. ஷோரூம் வாசல் ஸ்பீட் பிரேக்கர்ல அவன் பதறி மிதிச்ச பிரேக்கும் அதுல இருந்துச்சு, நேரத்தோட. அதுக்கப்புறம் காலின்னு பார்த்து ரெண்டு பேருக்கும் சந்தோஷம். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு வந்துச்சாம், காலையில கூப்பிட்டு "எதுக்கும் ஸ்கிரீன்ல ஒரு தடவை பாருடா"ன்னேன். பார்த்துட்டு ரெண்டு நிமிஷத்துல போட்டோ அனுப்பினான், மூணு சுவிட்ச் ஆஃப்லயே இருக்கு, நாலாவது மட்டும் மறுபடியும் ஆன்.